காசு இல்லை என்பது வெறும் சாட்டு!



கிண்ணியா, மூதூர், புல்மோட்டை, திருகோணமலை நகரம், எங்கே போனாலும் ஒரே பேச்சு: "போன் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளின் கவனம் கெட்டுப்போச்சு." அளந்து பார்த்தவர் யார்? அளப்போமே என்றால், "உளவியல் ஆய்வுகூடத்துக்கு எங்கே காசு?" என்று வாயை அடைக்கிறார்கள்.

இது சாட்டு. கவனத்தை அளக்கும் பிரபலமான சோதனையை ஸ்ட்ரூப் 1935இல் வெறும் அச்சிட்ட தாள்களைக் கொண்டே செய்தார். 'சிவப்பு' என்ற சொல் நீல நிறத்தில் இருக்கும். சொல்லை வாசிக்காமல் நிறத்தைச் சொல்ல வேண்டும். சொல்லும் நிறமும் பொருந்தும்போது எடுக்கும் நேரத்தையும் முரண்படும்போது எடுக்கும் நேரத்தையும் ஒப்பிட இன்று ஒரு சாதாரண கணினி போதும். நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் பியர்ஸ் தொடங்கிய சைக்கோபை மென்பொருள் முற்றிலும் இலவசம். அது பைதன் மொழியில் எழுதப்பட்டது. அதே பைதனை எமது உயர்தர மாணவர்கள் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் படிக்கிறார்கள்!

"மலிவுக் கணினி துல்லியமில்லை" என்பது அடுத்த சாட்டு. சாதாரண திரை 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவைதான் மாறும், கீபோர்ட்டும் கொஞ்சம் தாமதிக்கும். உண்மைதான். ஆனால் இரண்டு நிலையிலும் அதே தாமதம்தான். கழிக்கும்போது அது போய்விடும். பல தடவை செய்து சராசரி எடுத்தால் மிச்சப் பிழையும் குறையும்.

இது ஏன் முக்கியம்? ஆறு முன்னணி அமெரிக்க உளவியல் சஞ்சிகைகளை ஆர்னெட் என்பவர் ஆராய்ந்து 2008இல் எழுதினார்: ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் மேற்கத்தைய தொழில்வள நாட்டவர். உலக சனத்தொகையில் அந்நாடுகளின் பங்கு வெறும் 12 சதவீதம். அவர்களின் அளவுகோலால்தான் எமது பிள்ளைகளின் மனதை அளக்கிறோம்.

பாடசாலை வளைவுக்கும் பெயர்ப்பலகைக்கும் காசு சேர்க்கும் பழைய மாணவர் சங்கங்களே, மூடிக்கிடக்கும் கணினி அறையைத் திறக்க உதவுங்கள். கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். அவர்களிடம் உதவி கேட்போம். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு, பெயர் பதியாமல், வருடாவருடம் அதே வகுப்பில் செய்வோம். எந்தப் பிள்ளைக்கும் 'மந்தம்' என்று முத்திரை குத்த அல்ல. போன்தான் காரணமா என்பது அதற்கு அடுத்த கேள்வி. கவனம் உண்மையில் குறைகிறதா என்பதே முதலில் தெரிய வேண்டும்.

ஊகத்தைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அளக்காமல் பிள்ளைகள் மீது பழிபோடுவதை நிறுத்துவோம்.