ஐதரசன் கனவும் ஓர் அந்தர் யூரியாவும்

எரிபொருள் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் தண்ணீரில் ஓடும் கார் பற்றிய காணொளி ஒன்று நமது வாட்ஸ்அப் குழுமங்களைச் சுற்றி வருகின்றது. தண்ணீரில் ஐதரசன் இருப்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் என்பது ஏற்கனவே எரிந்து முடிந்த ஐதரசன், அடுப்பில் எஞ்சிய சாம்பலைப் போல. அதிலிருந்து ஐதரசனைப் பிரிக்க, அது எரியும்போது தந்ததைவிட அதிக சக்தியை நாம் செலவிட வேண்டும்.

கணக்கு இதுதான். மின்பகுப்பு மூலம் ஒரு கிலோ ஐதரசனைப் பெற 50 முதல் 55 அலகு மின்சாரமும் குறைந்தது 9 லீற்றர் தூய நீரும் தேவை. அந்தக் கிலோவிலிருந்து பெறக்கூடிய சக்தி சுமார் 33 அலகு. அதை மீண்டும் மின்சாரமாக்கினால் அதிலும் ஏறக்குறைய பாதி போய்விடும். சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஐதரசன் 11 கன மீற்றருக்கு மேல், அதாவது ஒரு சிறிய அறையளவு இடத்தைப் பிடிக்கும். திரவமாக்க மறை 253 பாகை செல்சியசுக்குக் குளிரூட்ட வேண்டும். உருக்கையும் நொருங்கச் செய்யும் இந்த வாயுவின் சுவாலை பகலில் கண்ணுக்கே தெரியாது.

இதனால்தான் சவூதி அரேபியாவின் நியோமில் நாளொன்றுக்கு 600 தொன் ஐதரசன் தயாரிக்கத் திட்டமிட்டவர்கள்கூட, அதை அமோனியாவாக மாற்றியே கப்பலேற்ற முடிவு செய்தார்கள். அவர்களிடம் பாலைவனமும் பணமும் இருக்கின்றன. வடக்கின் காற்றைக் கொண்டு நாமும் ஐதரசன் ஏற்றுமதி செய்யலாம் என்று இங்கும் சில வருடங்களாகப் பேசப்படுகின்றது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

ஆனால் அமோனியா என்றதும் எனக்குக் கப்பலை விட வயல்தான் நினைவுக்கு வருகின்றது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்படுவதற்குள் அம்பாறையிலும் பொலன்னறுவையிலும் நமது விவசாயிகள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. யூரியா அமோனியாவிலிருந்து வருகிறது. அமோனியா, காற்றிலுள்ள நைதரசனும் ஐதரசனும் சேர்ந்தது. 50 கிலோ கொண்ட ஓர் அந்தர் யூரியாவுக்கு சுமார் 5 கிலோ ஐதரசன் வேண்டும். உலகில் அந்த ஐதரசன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகின்றது. 1980களில் சப்புகஸ்கந்தையில் நப்தாவிலிருந்து யூரியா தயாரித்த அரச தொழிற்சாலையும் செலவு தாங்காமல் மூடப்பட்டது. இன்று நமது யூரியா முழுவதும் கப்பலில் வருகின்றது.

இந்த 5 கிலோவை மின்பகுப்பில் எடுத்தால் சுமார் 270 அலகு மின்சாரம் செல்லும். 2025 ஜனவரியில் மன்னாரில் 50 மெகாவோற் காற்றாலை ஒன்றுக்கு அலகொன்று 4.65 அமெரிக்க சதம் என்ற விலைக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. அந்த விலையிலும் ஓர் அந்தருக்கு மின்சாரச் செலவு மட்டும் 12 டொலரைத் தாண்டுகிறது. தொழிற்சாலைச் செலவு வேறு. வளைகுடாவின் மலிவான வாயுவோடு இன்று போட்டியிட முடியாது என்பது தெளிவு.

ஆனாலும் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் என்ன நடந்தது? மின்சாரத் தேவை குறைந்ததால், பகலில் கூரைச் சூரியப் படலங்களை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டது. வீணாக விடும் மின்சாரத்தின் விலை 4.65 சதம் அல்ல. விடுமுறை நாட்களுக்காக மட்டும் மின்பகுப்பு இயந்திரத்தை வாங்கிப் போட முடியாதுதான். யூரியாவுக்குக் காபனீரொட்சைட்டும் வேண்டும். அதை நுரைச்சோலைப் புகைபோக்கியிலிருந்து பிரித்தெடுப்பதும் தனிச் செலவு. அமோனியம் சல்பேற்று என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

சூரிய, காற்று மின்சாரம் பெருகப் பெருகப் பகலில் மிஞ்சுவதும் கூடும். அது எத்தனை மணித்தியாலம், எத்தனை அலகு, அதைக் கொண்டு எத்தனை அந்தர் உரம் செய்யலாம் என்று எரிசக்தி அமைச்சும் விவசாய அமைச்சும் ஒன்றாக அமர்ந்து கணக்கிட்டு வெளியிட வேண்டும். கிழக்கு மாகாண விவசாயிகளின் வாக்குகளில் பாராளுமன்றம் சென்றவர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதைக் கேட்கலாம்.