கோபம் ஆள் பாத்துதான் வருது

"கோவம் இருக்குற எடத்துலதான் குணம் இருக்கும்." எங்க கருவேப்பிலங்குறிச்சி கூட்ரோட்டு டீக்கடையில தினம் நாலு பேராவது இந்த டயலாக்கை எடுத்து விடுவாங்க. கூடவே இன்னொன்னும் வரும். "நான் என்னங்க பண்றது, கோவம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது."

இந்த ரெண்டாவது டயலாக்கைத்தான் என்னால ஒத்துக்க முடியல. கண்ணு மண்ணு நல்லாவே தெரியுது மக்களே. ஆபீஸ்ல ஒரு கையெழுத்துக்கு ஆறு மாசம் அலைய விட்டாலும் கையைக் கட்டிக்கிட்டு "சரிங்கய்யா"ன்னு நிக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்து குழம்புல உப்பு கம்மின்னு தட்டை விசிறி அடிக்கிறார். அதே ஆள், அதே நாள். அங்க வந்த கட்டுப்பாடு இங்க எங்க போச்சு? வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தை ஆரம்பிக்கிறதே இங்கதான். நம்ம கோபம் பலிக்கிற இடத்துல காத்துக்கிறவன்தான் உண்மையில காத்துக்கிறவன், பலிக்காத இடத்துல அடக்கினா என்ன, அடக்காட்டி என்னன்னு கேக்குறார்.

இதைக் குத்திக் காட்டுறதுக்காகச் சொல்லல. கோபத்துக்காக மனநல ஆலோசகர்கிட்ட போற ஒருத்தருக்கு இதுதான் முதல் நல்ல சேதி. உங்ககிட்ட பிரேக் இருக்கு, அந்த ஆபீஸ் வாசல்ல அது நல்லா வேலை செஞ்சுது. இல்லாததைப் புதுசா மாட்ட வேண்டாம், இருக்கிறதை வீட்டுலயும் பிடிக்கப் பழகினாப் போதும்.

சரி, எப்படிப் பழகுறது? நம்ம ஊர்ல ரெண்டு வைத்தியம்தான் சொல்வாங்க. ஒண்ணு, "அடக்கிக்க". இன்னொண்ணு, "மனசுல வச்சுக்காத, கொட்டித் தீர்த்துடு". ரெண்டாவது கேக்க நல்லாருக்கும். பெரிய ஊர்கள்ல காசு வாங்கிக்கிட்டு கப்பு, பாட்டிலை உடைக்க விடுற ரூமே வந்தாச்சு. பீங்கான் ஊர்ப் பக்கத்துக்காரனுக்கு இதைக் கேட்டா வயிறு எரியாதா :-)

ஆனா கொட்டினாத் தீராது. பிராட் புஷ்மன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 2002ல 600 மாணவர்களை வச்சு சோதிச்சார். கோபமூட்டிட்டு, ஒரு கோஷ்டியை அந்த எதிராளியை நினைச்சுக்கிட்டே குத்துப் பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு கோஷ்டி சும்மா உக்காந்திருந்துச்சு. குத்தினவங்களுக்குத்தான் கோபம் அதிகம், சும்மா இருந்தவங்களுக்குத்தான் குறைவு. 2024ல அவரும் ஸோஃபி கியார்விக்கும் சேர்ந்து 154 ஆய்வுகளை (மொத்தம் 10,189 பேர்) ஒண்ணாப் போட்டுப் பாத்தாங்க. மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துறது மாதிரி உடம்பைத் தணிக்கிற வழிகள் கோபத்தைக் குறைச்சுது. உடம்பை முறுக்கேத்துற வழிகள் மொத்தத்துல குறைக்கல. ஓட்டம் உடம்புக்கு நல்லது, ஆனா கோபத்துக்கு மருந்து இல்ல.

ஆத்திசூடியில சினத்தைப் பத்தி ஔவை சொன்னதை ஞாபகப்படுத்திப் பாருங்க. அடக்குன்னும் இல்ல, கொட்டுன்னும் இல்ல. ஆறணும், அவ்வளவுதான். விருத்தாசலத்துல சூளை வேலை பாத்தவங்களுக்கு இது புரியும். சூளையை அவசரப்பட்டுத் திறந்தா சாமான் விரிசல் விட்டுடும். குளிரும்போது 573 டிகிரியைத் தாண்டுற இடத்துல உள்ள இருக்கிற குவார்ட்ஸ் சட்டுனு சுருங்கும், அதனால மெதுவா ஆற விடணும்.

மனுஷனை ஆற வைக்க, விவரம் தெரிஞ்ச ஆலோசகர்கள் செய்றது ஏறக்குறைய இதுதான்:

1. கணக்கு எழுதச் சொல்வாங்க. எப்ப, எங்க, யார் மேல வந்துச்சு, அதுக்கு முன்னாடி மனசுல என்ன ஓடுச்சு, உடம்புல என்ன தெரிஞ்சுது (காது சூடாகுதா, தாடை இறுகுதா). ரெண்டு வாரம் எழுதினா, ஆள் பாத்து வர்ற கோபம் நோட்டுலயே மாட்டிக்கும்.

2. முதல் அறிகுறியிலயே மூச்சு. உள்ள இழுக்கிறதை விட வெளிய விடுறது நீளமா. கோபம் இல்லாத நேரத்துல பழகணும், வெள்ளம் வந்தப்புறம் நீச்சல் கத்துக்க முடியாது.

3. விலகிப் போறது. கதவை அறைஞ்சுட்டுப் போறது இல்ல. "இருபது நிமிஷத்துல வரேன், அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டுப் போய், சொன்ன மாதிரி திரும்பி வரணும். அந்த இருபது நிமிஷமும் சண்டையையே மனசுல ஓட்டிக்கிட்டிருந்தா, அதுவும் குத்துப் பை கதைதான்.

4. ஒத்திகை. 1975லயே ரேமண்ட் நோவாக்கோ வகுத்த முறை இது. ஆலோசகர் எதிராளி மாதிரி பேசுவார், நீங்க நிதானமா பதில் சொல்லிப் பழகணும். சின்ன உரசல்ல ஆரம்பிச்சு, படிப்படியா பெரிய சண்டை வரைக்கும்.

இவ்வளவும் வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்கா? இல்ல. கூலியைக் குறைச்சா, சாதி சொல்லித் திட்டினா கோபம் வரத்தான் வேணும். அதைத் தெளிவா, சரியான ஆள்கிட்ட கேக்கத்தான் நிதானம். உப்பு கம்மின்னு தட்டை விசிறினவர் கேக்க வேண்டிய கேள்வி அந்த ஆபீஸ்ல பாக்கி இருக்கு.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன். பொண்டாட்டி புள்ளைய அடிக்கிறதுக்குக் 'கோபம்'னு பேர் வச்சு, "கவுன்சிலிங் போறார்ல, பொறுத்துக்கம்மா"ன்னு சொல்லாதீங்க. அதுக்கு 2005லயே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தாச்சு. அடி வாங்குறவங்களோட பாதுகாப்பு முதல்ல, அடிக்கிறவரோட மனசு அப்புறம்தான்.

பி.கு: மனசு சம்பந்தமா தமிழ்லயே பேச 14416 (டெலி மானஸ், இலவசம்). பெண்கள் உதவிக்கு 181. ரெண்டையும் போன்ல பதிஞ்சு வைங்க. உங்களுக்கு இல்லாட்டியும் உங்க தெருவுல யாருக்காவது தேவைப்படும்.