கர்ப்பிணியின் காய்ச்சலும் கல்யாணப் பேச்சில் மறைக்கப்படும் இதய நோயும்

நமது நாட்டில் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவைத்தான் நினைக்கிறோம். அது சரியே. ஆனால் டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டால், பனடோலும் கொத்தமல்லித் தண்ணீருமாக வாரக்கணக்கில் கடத்துகிறோம். எனது கவலை இங்குதான் ஆரம்பிக்கிறது.

இதய வால்வுகளில் பக்டீரியா குடியேறும் நோய் கர்ப்ப காலத்தில் அரிதானது. ஆனால் வந்துவிட்டால் தாய்க்கும் சிசுவுக்கும் உயிராபத்து. விடாத காய்ச்சல், இரவு வியர்வை, களைப்பு, மூச்சிரைப்பு என்பனவே அறிகுறிகள். களைப்பையும் மூச்சிரைப்பையும் "வயிற்றில் பிள்ளை இருந்தால் அப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறோம். பார்மசியில் வாங்கிக் கொடுக்கும் அன்டிபயோடிக் காய்ச்சலைச் சற்றுத் தணித்து, இரத்த வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் செய்துவிடும். உரிய சிகிச்சையோ பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் நாளத்தினூடாக ஏற்றும் மருந்து.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? சிறுவயதில் தொண்டை நோவைத் தொடர்ந்து வாதக் காய்ச்சல் வந்து வால்வு பழுதடைந்தவர்களும், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்களும் முக்கியமானவர்கள். வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பல வருடங்கள் பெனிசிலின் ஊசி போட வேண்டும். பெண் பிள்ளையென்றால், கல்யாணம் பேசத் தொடங்கியதும் ஊசியும் நிற்கிறது, கிளினிக் கொப்பியும் அலுமாரிக்குள் போகிறது. பிறகு கர்ப்பிணி கிளினிக்கில் "இதய வருத்தம் ஏதும் உண்டா?" என்று கேட்கும்போது பக்கத்தில் மாமியார் நிற்பார். அவள் இல்லை என்பாள். நமது நாட்டில் தாய் மரணங்களுக்கான முக்கிய காரணங்களில் இதய நோயும் ஒன்று என்பதை அந்த இடத்தில் யார் நினைக்கிறார்கள்?

மறைக்கும் பெற்றோரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. சொன்னால் சம்பந்தம் முறியும் என்பது அவர்களுக்குத் தெரியும். முறிப்பவர்களும் நாம்தானே. உண்மையில் வால்வுக் கோளாறுள்ள பலர் முன்கூட்டியே வைத்திய ஆலோசனை பெற்று நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். சிலருக்கு வால்வைச் சீர்செய்த பின்னரே கர்ப்பம் பாதுகாப்பானது. எது எவருக்கு என்பதை ஒரு எக்கோ பரிசோதனை பெரும்பாலும் காட்டிவிடும்.

புதிதாக மணமுடித்தோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் ஆலோசனை வழங்கப்படுகிறது. நிக்காஹ் பதிவின்போதே பதிவாளரும் பள்ளி நிர்வாகமும் தம்பதியரை அங்கு அனுப்பலாம். பல், முரசு நோய்களும் இந்தக் கிருமிக்கு வாசல். மிஸ்வாக்கின் சிறப்பைப் பயானில் கேட்கும் நாம், கர்ப்பிணியைப் பல் கிளினிக்குக்கு அனுப்ப மட்டும் மறந்துவிடுகிறோம். இதய நோயுள்ள கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால், முதலில் அந்தப் பழைய கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். மாமியார் பார்த்தாலும் பரவாயில்லை.