காமிராவும் கத்திரிக்கோலும்

பள்ளிப் பிள்ளைகள் பாடத்துக்காகச் சலனப் படம் பிடிக்கும் காலம் இது. கையிலுள்ள தொலைபேசியே காமிரா, அதுவே கத்திரிக்கோலும். மணிக்கணக்காகப் பிடித்துவிட்டு, 'எதை வைப்பது, எதை வெட்டுவது?' என்று திகைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மாஸ்கோவில் 1919-ஆம் ஆண்டில் ஒரு சினிமாப் பள்ளி தோன்றிற்று. உள்நாட்டு யுத்தம் மூண்டிருந்த சமயம். பிலிம் சுருளோ குதிரைக் கொம்பு! அங்கே ஆசிரியராய் அமர்ந்த லெவ் குலெஷோவுக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். பிலிம் இல்லாமலே அவர் 'படம்' எடுக்கப் பழக்கினார். மாணவர்கள் கதையைச் சிறு சிறு காட்சிகளாகப் பிரித்து எழுதி, வரிசையாக நடித்துக் காட்டினார்கள். பழைய படங்களை வெட்டி, இடம் மாற்றி ஒட்டியும் பார்த்தார்கள். ஒரே முகம், பக்கத்தில் ஒட்டும் காட்சிக்கேற்பச் சோகமாகவும் பசியாகவும் தோன்றும் என்ற உண்மை இன்றும் குலெஷோவின் பெயராலேயே வழங்குகிறது. அவரிடம் பயின்ற புடோவ்கின் 1926-ல் 'தாய்' என்னும் படத்தை எடுத்துப் பெரும் புகழ் பெற்றார்.

பஞ்சம் அவர்களுக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்தது. நம் பிள்ளைகளுக்குப் பஞ்சம் வேண்டாம். யோசனை மட்டும் போதும். முதலில் காகிதத்தில் காட்சிகளை வரிசைப்படுத்தட்டும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னும் பின்னும் சில விநாடி காமிரா அசையாமல் ஓடட்டும். வெட்டுவதற்கு அந்த இடம் வேண்டும். பொத்தானை அமுக்குவது அதற்குப் பிறகு நடக்கட்டும்!