சிலையைக் கண்டார், செய்தியைக் கேட்டாரா?

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருவோர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் காண்கின்றனர். 1851இல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களின் முன் வியந்து நிற்கின்றனர். மாமல்லபுரம் வரை சென்று, பல்லவர் புகழ் பேசித் திரும்புகின்றனர். வரட்டும், வரவேற்கிறோம்! ஆனால் ஒன்று கேட்கிறோம்: ஆண்டவன் பெயரைச் சொல்கிறார்கள், கல் சுமந்தவன் கதையைச் சொல்கிறார்களா?

அந்தக் கதையைச் சொல்லவே மெரினாவில் நிற்கிறது உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சவுத்ரியின் கைவண்ணம், 1959இல் நிறுவப்பட்டது. நான்கு மனிதர், ஒரு பாறை. பட்டமில்லை, பதவியில்லை, தோள் வலிவே அவர்தம் மேல்விலாசம்! அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோர் ஏராளம். 1923 மே முதல் நாள், இதே சென்னைக் கடற்கரையில்தான் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார் என அவர்களுக்கு எடுத்துரைப்பார் யார்? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமையக் காரணமான பின்னி ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த பெரம்பூர் வட்டாரத்துக்கு, எத்தனை சுற்றுலாப் பேருந்துகள் செல்கின்றன?

கோடிகளைக் கொட்டச் சொல்லவில்லை. சிலையருகே நாலு வரி வரலாறு, வழிகாட்டிகளுக்குச் சிறிது பயிற்சி, பெரம்பூருக்கு ஒரு பேருந்து — இவ்வளவே வேண்டுகிறோம். ஆட்சியாளர் செவிசாய்க்கட்டும்!

கோட்டையைக் காட்டும் நகரங்கள் பல. அதை எழுப்பிய கரங்களையும் காட்டும் நகரமாகச் சென்னை திகழட்டும்!