கழுத்தெலும்பும் சுமைதாங்கிக் கல்லும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் காலைவேளையில் சிறிது நேரம் நின்று பார்ப்போருக்கு உடற்கூற்றியல் பாடம் ஒன்று கிடைக்கும். தலையில் மூட்டையுடன் நிமிர்ந்து நடக்கும் தொழிலாளி தடுமாறுவதில்லை. மூட்டையை ஏற்றும் கணத்திலும் இறக்கும் கணத்திலுமே அவர் கழுத்து வளைகிறது. இடர் நேர்வதும் அக்கணங்களிலேயே. இதன் காரணம் யாது?

மனிதனின் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. முதலாவது வளையம் போன்றது, தலையோட்டைத் தாங்குவது. இரண்டாவதிலிருந்து எழும் முளையைச் சுற்றி அவ்வளையம் சுழல்கிறது. தலையை இருபுறமும் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்கிறது. இரண்டாவதற்குக் கீழே, அடுத்தடுத்த எலும்புகளுக்கிடையில் குருத்தெலும்பு வட்டுகள் மெத்தைபோல் அமைந்துள்ளன. எலும்புகளின் நடுவே தண்டுவடம் இறங்குகிறது.

கழுத்துக்குக் கீழுள்ள பன்னிரண்டு மார்பு முள்ளெலும்புகள் விலா எலும்புகளுடன் பிணைந்திருப்பதால் அதிகம் அசைவதில்லை. ஆதலின், குனியும்பொழுது உண்டாகும் இறுக்கம் அசையும் கழுத்தின் அடிப்பகுதியிலேயே மிகுகிறது. ஐந்தாம், ஆறாம், ஏழாம் எலும்புகளுக்கிடையிலுள்ள வட்டுகள் பெரும்பாலும் முதலில் தேய்வதைக் காண்கிறோம்.

இவ்வமைப்பு நாள்தோறும் தாங்குவது ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள தலையை. கழுத்து நேராக இருக்கையில் மேலேற்றும் சுமை எலும்புகளின் வழியே நேர்கீழாக இறங்கிவிடும். கழுத்து சாய்ந்தாலோ, சுமை நெம்புகோல்போல் இழுக்கும். அதனை எதிர்க்கப் பின்கழுத்துத் தசைகள் பன்மடங்கு இறுக வேண்டும். அவ்விறுக்கமும் சேர்ந்து வட்டை நசுக்கும். பிதுங்கிய வட்டு நரம்பை அழுத்தினால் தோளிலும் கையிலும் வலியும் மரப்பும் தோன்றும். தண்டுவடத்தையே அழுத்தினால் நடையும் தளரும். ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் 1990களில் நடந்த ஆய்வு, தலைச்சுமை சுமப்போரிடம் கழுத்தெலும்புத் தேய்வு மிகுதி எனக் காட்டியது.

இவ்விடரை நீக்க நம் முன்னோர் கண்ட வழி எளியது. பழைய திருவிதாங்கூர்ச் சாலையோரங்களிலும் தமிழகத்து வழிகளிலும் சுமைதாங்கிகள் நின்றன. சில இன்றும் நிற்கின்றன. நட்ட இரு கற்களின்மேல் குறுக்கே ஒரு கல். உயரம் ஏறக்குறைய ஓர் ஆளளவு. வழிப்போக்கர் குனியாமலும் பிறர் துணையின்றியும் சுமையை அதில் இறக்கினார். இளைப்பாறியபின் மீண்டும் ஏற்றிக்கொண்டார். கல் சுமையைக் குறைக்கவில்லை. கழுத்து வளையும் கணத்தைக் குறைத்தது.

சுமையின் எடையைப் பற்றி நாம் பேசியதுண்டு. ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் எடையை 55 கிலோகிராமுக்கு மேற்படாமல் குறைக்க வேண்டுமெனச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. தலைச்சுமைத் தொழிலாளர்க்கெனக் கேரளம் 1978-ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தை இயற்றியது. இவை போற்றத்தக்கன. ஆயினும் எடை வரம்பு மட்டும் போதாது என்பதே எமது கருத்து. வரம்புக்குட்பட்ட மூட்டையும், தரையிலிருந்து தூக்கித் தலையேற்றப்படுமாயின், கழுத்துக்குத் தீங்கு செய்யும். ஒவ்வொரு கிடங்கிலும் சந்தையிலும் தலையுயர மேடை ஒன்று அமைக்கப்பட வேண்டும்.

இயந்திரம் வந்துவிட்டால் இது தேவையா எனச் சிலர் வினவுவர். இயந்திரம் வரட்டும், அது நுழையாத குறுகிய தெருக்கள் பல உள. அத்தெருக்களில் இன்றும் சுமப்பது மனிதக் கழுத்தே. மேலும், கல்லாலும் மரத்தாலும் அமையும் மேடைக்குப் பெருஞ்செலவும் இல்லை.

ஆசிரியர்கள், மாணவரைத் தம் கழுத்தின் அடியில் விரல் வைத்து, பெரும்பாலும் ஏழாம் எலும்பின் முள்ளாகிய அம்மேட்டைத் தொட்டறியச் செய்க. பின்னர் ஊரிலுள்ள சுமைதாங்கியைக் காட்டுக. களப்பணியாளர்கள், மூட்டையின் எடையைக் கேட்பதோடு நில்லாது, அது எவ்வளவு உயரத்திலிருந்து ஏற்றப்படுகிறது, எவ்வளவு உயரத்தில் இறக்கப்படுகிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்க. அவ்விரு உயரங்களையும் தலையளவுக்குக் கொணர்வதே செய்யத்தக்க முதற்பணியாகும்.