கல் சிந்தும் குருதி

லிபியா தேசத்திலே, துவாரெக் என்னும் பாலைவன மக்களிடையே பிறந்தவர் இப்ராஹிம் அல்கோனி. அரபு மொழியில் அவர் இயற்றி 1990இல் வெளிவந்த நவீனத்தின் பெயரைத் தமிழில் ‘கல்லின் குருதிப்பெருக்கு’ எனலாம். கதாநாயகன் அசூஃப் ஓர் ஆட்டிடையன். ஆதிமனிதர் பாறைகளில் தீட்டிய சித்திரங்களுக்குக் காவலன். இத்தாலியர் அவனைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போகிறார்கள். காட்டாடாய் உருமாறித் தப்பினான் என்று ஜனங்கள் நம்புகிறார்கள்! இத்தாலியர் தொலைந்த பின்னரும் பாலைக்கு விமோசனமில்லை. மோட்டாரிலே துப்பாக்கியுடன் வந்த வேட்டைக்காரர்களால் மான்கூட்டம் அற்றுப்போகிறது. முடிவில் இடையனின் குருதியே பாறைமேல் வழிகிறது.

இதைப் படிக்கையில் நமக்கு அரியலூர் நினைவு வந்தது. அங்கே சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் கடற்சிப்பி! ஒரு காலத்தில் அப்பிரதேசம் கடல். 1860களில் பிளான்போர்டு என்ற ஆங்கிலேய சாஸ்திரி அக்கற்படிவங்களை ஆராய்ந்து ஊரின் பெயரையே சூட்டினார். பெரம்பலூர் ஜில்லாச் சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் 18 மீட்டர் நீளம் கிடக்கிறது. அதற்கு வேலியும் காவலும் உண்டு. அரியலூர்க் கல்லோ சிமெண்டு ஆலைக்குப் போகிறது. ஊருக்கு மிஞ்சுவது குழி. கற்களின் சரித்திரத்தைச் சாஸ்திரிகள் எழுதிவிட்டனர். குழியோரம் ஆடு மேய்ப்பவனின் கதையை நம் இளம் எழுத்தாளர் எவரேனும் எழுதினால், முதற்பிரதிக்கு இப்போதே பணம் கட்டச் சித்தமாயிருக்கிறோம்.